சுண்ணாம்புக்கு அடியில் தூங்கிய பெண் வண்டுகள்

முதல் மரத்துக்கு முன்னால் கொத்துக்கரண்டியும் கையுமாக நின்றுகொண்டே இருந்தேன். தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. செண்பகத்தோப்பு மலையிலிருந்து இறங்கிய குளிர் இன்னும் தரையை விட்டுப் போகவில்லை. மாம்பூ வாசனை லேசாக அடித்தது. எல்லாருக்கும் பிடித்த வாசனை அது. எனக்கு அந்த வருஷம் பிடிக்கவில்லை.

மரத்தின் அடியில் ஒரு முழத்துக்குச் செங்காவி. அதற்கு மேல் இடுப்பு வரைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு. தோப்பில் அத்தனை மரமும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் தன் கையால் அடித்தது. அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. சுண்ணாம்பு அங்கங்கே பொருமி, ஓரம் பெயர்ந்து, ஆனாலும் நின்றது.

"டீச்சரம்மா, நீங்க மோட்டார் ரூம் பக்கம் போயி உக்காருங்க. நான் சொரண்டிப் போட்டுருதேன்" என்றாள் பேச்சியம்மாள். கூமாப்பட்டிக்காரி. எங்கள் தோப்பில் களை எடுக்க வருகிறவள். வயது என்னைவிடக் குறைவு, வாய் என்னைவிட நீளம். அன்றைக்கு அந்த வாயும் மெதுவாகத்தான் பேசியது.

"மொதல் மரம் நான்தான்" என்றேன். சொன்னேனே தவிர, கை எழும்பவில்லை.

நாலு மரத்துச் சுண்ணாம்பைச் சுரண்ட இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். பட்டாளத்தில் தொடங்கி ஒரு வண்டின் மூளைக்குள் புகுந்து, திரும்ப இந்த மரத்தடிக்கு வரவேண்டும். கூடவே வாருங்கள்.

கேரு சூனா

என் வீட்டுக்காரர் அந்தோணி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பென்ஷனோடு வந்த பணத்தையும் தம்பி சேவியர் போட்ட பங்கையும் வைத்து, செண்பகத்தோப்பு போகிற வழியில் இந்த மாந்தோப்பை வாங்கினார். பாதி சப்பட்டை, மீதி பஞ்சவர்ணம். வயதான மரங்கள். பட்டை வெடித்துப்போய், கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும்.

வாங்கின முதல் வாரமே ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் காவியும் வந்து இறங்கின. "எதுக்குங்க?" என்றேன்.

"கேரு சூனா அடிக்கணும்ல" என்றார், ஏதோ நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

பட்டாளத்தில் காவியையும் சுண்ணாம்பையும் அப்படித்தான் சொல்வார்களாம். முகாமுக்குள் மரம், கல், தூண் என்று நிற்கிற எதையும் விடமாட்டார்களாம். கீழே சிவப்பு, மேலே வெள்ளை. பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் புல்லைக்கூடச் சீவி வைப்பார்களாம். எங்கள் தோப்புக்கு எந்த ஆபீசரும் வரப்போவதில்லை. எப்போதாவது யானை வரும். அது கேரு சூனாவைப் பார்த்து நின்றதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் பதினைந்துக்கு முன்னால் ஒரு தடவை, ஜனவரி இருபத்தாறுக்கு முன்னால் ஒரு தடவை. வருஷம் தவறினாலும் இது தவறாது. சுண்ணாம்பில் கோந்து கலந்து, ஊறவைத்து, பெரிய மட்டை பிரஷ்ஷால் பூசுவார். கோடு நேராக வரவேண்டுமென்று மரத்தைச் சுற்றிச் சணல் கட்டிக்கொள்வார். தோப்பு சரிவாக இருந்தது. ஆனாலும் எந்த மரத்தில் பார்த்தாலும் வெள்ளை அவருடைய இடுப்புக்குச் சரியாக வந்து நிற்கும். ஊர்க்காரர்கள் அதற்கு ஹவில்தார் தோப்பு என்றே பேர் வைத்துவிட்டார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். அவருக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

பழம் முழுக்க நல்லாத்தான் இருந்தது. கொட்டையில்தான் வில்லங்கம்.

உன் ஆளு வந்துருக்கான்

மாங்கொட்டையை வெட்டினால் உள்ளே கறுப்பாக ஒரு வண்டு குந்தியிருக்குமே, பார்த்திருப்பீர்கள். பழத்தில் ஓட்டை இருக்காது, வடு இருக்காது. சாப்பிட்டு முடித்து கொட்டையைப் பிளந்தால், நீ யார் என்று கேட்கிற மாதிரி வெளியே நடந்து வரும்.

எங்கள் வீட்டில் வருஷத்தின் முதல் பழத்தை அவர்தான் வெட்டுவார். சதையை எனக்குக் கொடுத்துவிட்டுக் கொட்டையை அரிவாளால் பிளப்பார். வண்டு வந்தால், "ஏட்டி செலின், உன் ஆளு ஒருத்தன் வந்துருக்கான் பாரு" என்பார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தினவள். அதனால் ஊரில் ஊர்கிறது, பறக்கிறது எல்லாம் அவருக்கு என் ஆட்கள். பல்லி விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்.

வருஷத்துக்கு வருஷம் என் ஆட்கள் பெருகினார்கள். பக்கத்துத் தோப்புகளிலும் வண்டு உண்டுதான், இல்லாமல் இல்லை. எங்கள் தோப்பில்தான் கொட்டைக்குக் கொட்டை இருந்தது. ராஜபாளையம் கமிஷன் கடையில் எங்கள் வண்டி போய் நின்றால் காயை எடுத்ததும் வெட்டுவார்கள். "ஹவில்தார் தோப்புக் காயா? அங்கன ஓரமா வையுங்க" என்பார்கள். அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போடுவார்.

"எம்புட்டோ படிச்சிருக்கே, உன் படிப்புக்கு இந்த வண்டை ஒண்ணும் செய்ய ஏலாதாட்டி?" என்று ஒரு தடவை கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. கரப்பான்பூச்சிப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தே காலத்தை ஓட்டினவள் நான். தோப்புக்கும் என் பாடத்துக்கும் நடுவில் பஸ் ஓடவே இல்லை. அப்படியே விட்டுவிட்டேன். பொறவு ஒரு ஆகஸ்டு மாதம் வெள்ளை அடித்து முடித்தார். அடுத்த மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சேவியர் சொன்னது

அடுத்த காய்ப்பு முழுவதும் வண்டு. கமிஷன் கடையில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த வருஷம்தான் நானும் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றேன். ராஜபாளையத்து வீட்டில் மில் சங்கு ஊதுவதைக் கேட்டு எழுந்திரிப்பேன். எழுந்து என்ன செய்வது என்று யோசிக்கிறதற்குள் அடுத்த சங்கு ஊதிவிடும்.

கொழுந்தன் சேவியர் மதுரையிலிருந்து வந்தார். நல்ல மனுஷர், குறை சொல்லக்கூடாது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார். அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

"மைனி, மரத்தை வெட்டி வித்துட்டு எடத்தைக் குடுத்துருவோம். கேக்க ஆளு இருக்கு. நீங்க ஒத்தையில அந்தக் காட்டு ஓரத்துக்குப் போயிட்டு வாறதை நெனச்சா எனக்குத் திக்குங்குது."

"உங்க அண்ணன் வச்சிருந்த தோப்பு" என்றேன்.

"அண்ணன் இருந்தா நான் இந்தப் பேச்சை எடுப்பனா?" ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்தார். "சரி, இன்னும் ஒரு காய்ப்பு பாப்போம். அதுலயும் வண்டு விழுந்தா நீங்க மறுக்கக்கூடாது."

மறுக்கமாட்டேன் என்று சொன்னேன். சேவியர் போன பிறகு தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அழுதேன். மரத்துக்காகவா, வீட்டுக்காரருக்காகவா என்றெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தோப்பில்தான் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் பத்து வருஷம் இருந்தோம். அதற்கு முன்னால் எல்லாம் லீவுதான்.

வெள்ளைக்கு உள்ளே

அந்த ஆகஸ்டில் சுண்ணாம்பு அடிக்க ஆள் இல்லை. புரட்டாசியில் ஒரு மழை பெய்தது. மழை விட்டு நான் போனபோது ஒரு சப்பட்டை மரத்தில் வெள்ளை அப்பளம் மாதிரி பொருமியிருந்தது. விரலால் தட்டினேன். கையகலத்துக்கு ஒரு பத்தை கழன்று விழுந்தது.

அடியில் மரத்தூள் ஒட்டிய சின்னச் சின்னக் கட்டிகள் வரிசையாக இருந்தன. பட்டைச் சில்லு என்றுதான் நினைத்தேன். உள்ளங்கையில் ஒன்றை எடுத்து வைத்து வேறு எதையோ பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கழித்துக் கை குறுகுறுத்தது. சில்லுக்குக் கால் முளைத்து நடந்தது.

மாங்கொட்டை வண்டுக்குத் தொட்டால் செத்த மாதிரி கிடக்கிற வழக்கம் உண்டு. எனக்கு அது புத்தகத்தில் தெரியும், கையில் தெரியாது. பக்கத்து மரத்தில் தட்டினேன், அங்கேயும் இருந்தன. சுண்ணாம்பு அடிக்காத உயரத்தில் பட்டையைக் கிளறினேன். ஒன்றிரண்டுதான். வெள்ளைக்கு அடியில் மட்டும் ஒண்டிக்கொண்டு கூட்டமாக இருந்தன.

எனக்குப் புரிய நேரமாகவில்லை. ஆனி முடியும்போது கொட்டையை விட்டு வருகிற வண்டு, மழையும் வெயிலும் படாத இடுக்கு தேடி மரத்தில் ஏறும். எங்கள் மரத்தில் முந்தின வருஷச் சுண்ணாம்பு பெயர்ந்து இடுக்கு தயாராக இருக்கும். உள்ளே போய் உட்காரும். ஆகஸ்டில் அவர் வந்து, கோந்து போட்டு, மேலே இன்னொரு பூச்சு பூசிக் கதவைச் சாத்திவிட்டுப் போவார். எறும்பு நுழையாது, குருவி கொத்தாது. ஜனவரியில் அந்தப் பூச்சு வெடிக்கிற நேரமும் அவை வெளியே வருகிற நேரமும் ஒன்று. அதன் மேல் அவர் அடிக்கிற ஜனவரிப் பூச்சும் காய்ந்ததும் அதே வெடிப்பில் பிளந்து வழிவிடும். வருஷா வருஷம் குடியரசு தின மரியாதையோடு என் ஆட்களுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார் மனுஷர்.

அவருக்கு இது தெரியாமலேயே போனது நல்லது என்று ஒரு நாள் தோன்றும். தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் எனக்குத் தாங்காது.

செய்யவேண்டியது தெரிந்துவிட்டது. வெள்ளையை மொத்தமாகச் சுரண்டி, வண்டோடு சேர்த்துக் கொளுத்த வேண்டும். அன்றைக்கே செய்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. வண்டுகள் எழுந்து கிளைக்குப் போகும் முன்னால் செய்தால் போதும், அதுவரை இருக்கட்டும் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். எப்போது எழுந்திருப்பார்கள் என்று தெரியவேண்டுமே? அதற்குத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சில பெண் வண்டுகளை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன்.

மூளை பிடித்த பிடி

கல்லூரியில் கழித்துப் போட்ட மைக்ராஸ்கோப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். சமையல்கட்டு ஜன்னலோரம் வைத்தேன். டிபன் டப்பா மூடியில் மெழுகு ஊற்றி, உப்புத் தண்ணீர் விட்டு, வண்டைக் குண்டூசியால் குத்தி வயிற்றைத் திறப்பேன். அந்த மூடியில் பிறகு யாரும் சாப்பிடவில்லை. சாப்பிட ஆளும் இல்லை.

வயிறு முழுக்க வெள்ளைக் கொழுப்பு. அதை விலக்கினால் சினைப்பை. நூல் இழை மாதிரி மெல்லிசாக, உள்ளே ஒன்றும் இல்லாமல் கிடக்கும். வளராத பெண் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. முழுசாக வளர்ந்த பெண்தான். இரை எடுக்காமல், ஆணைச் சேராமல், முட்டை வைக்காமல், ஆனியிலிருந்து தை வரைக்கும் ஒரே இடுக்கில் உட்கார்ந்திருக்கிறாள்.

உட்கார வைத்திருப்பது மூளை. கடுகில் ஒரு துணுக்கு இருக்குமா, அம்புட்டுத்தான் அந்த மூளை. அதற்குப் பின்னால் இரண்டு குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு நீர் சுரந்து ரத்தத்தில் கலந்தால்தான் சினைப்பைக்குள் முட்டை ஊறும், மஞ்சள்கரு ஏறும். காலம் வராதவரை அந்தச் சுரப்பிகளை மூளை அடக்கி வைக்கிறது. வேறொரு பூச்சியில் மூளையிலிருந்து சுரப்பிக்குப் போகிற நரம்பைத் துண்டித்துப் பார்த்திருக்கிறார்கள். காலம் வராமலேயே முட்டை திரண்டுவிட்டது. சினைப்பையில் ஒரு குறையும் இல்லை, மேலிருந்து உத்தரவு வராததுதான் குறை.

மூளைக்கு யார் சொல்வது? பகல் எவ்வளவு நீளம் என்று கண் சொல்லும். பூ வந்துவிட்டது என்று வாசனையும், அதைத் தின்ற ருசியும் சொல்லும். எல்லாம் ஒத்துவந்தால் பிடி தளரும். அதற்குப் பிறகு அவள் வேறு ஆள். தொட்டால் செத்தவள் மாதிரி கிடந்தவள் மரத்தில் ஏறுவாள். பூவைத் தின்பாள், ஆணைச் சேருவாள். பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வரும்போது தோலில் ஒரு சின்னப் பள்ளம் பறித்து முட்டையை வைப்பாள். பக்கத்திலேயே பிறை மாதிரி ஒரு கீறல் போடுவாள். கீறலிலிருந்து பால் வடிந்து முட்டை மேல் மூடி, காய்ந்து இறுகிக்கொள்ளும். எங்கே கீறினால் பால் எந்தப் பக்கம் வழியும் என்று அவளுக்கு ஒரு தாயும் சொல்லித்தந்தது கிடையாது. தாயை அவள் பார்த்ததே கிடையாது.

இதையெல்லாம் நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பரீட்சைக்கு வரும், குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். ஜன்னலோரம் ஒத்தையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

லீவு

எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அவர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். எந்த மாதம் என்பது அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. எங்கேயோ இருக்கிற ஒரு மேஜர் கையில் இருந்தது. வந்த முதல் வாரம் ரெண்டு பேருக்கும் கூச்சம் தெளியவே சரியாக இருக்கும். பிறகு சொந்தக்காரர் வீடு, கல்யாணம், கோவில் என்று இழுப்பார்கள். பெட்டி கட்டுகிற நாள் வந்துவிடும். மதுரையில் ஒரு டாக்டரம்மா எங்கள் ரெண்டு பேரையும் பரிசோதித்துவிட்டு, "ஒருத்தர்கிட்டயும் ஒரு குறையும் இல்லையே" என்றார். நல்ல செய்தி சொன்ன முகத்தோடு சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அவர் பென்ஷனோடு வந்தபோது எனக்கு வயது தாண்டிவிட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசினதில்லை. அவர் தோப்பு வாங்கினார், சுண்ணாம்பு வாங்கினார்.

மாதா கோயில் வாசலில் இன்றைக்கும் யாராவது புதுசாகப் பார்க்கிறவள், "பிள்ளைக எங்க இருக்காக?" என்று கேட்பாள். இல்லை என்பேன். "ஐயோ" என்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். என்ன ஐயோ? ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது அந்த ஐயோ எனக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

அந்த மார்கழியில் நான் வண்டுகளிடம் பேச ஆரம்பித்திருந்தேன். "இன்னும் கொஞ்ச நாள் தூங்குங்கட்டி, என்ன அவசரம்" என்று லென்ஸுக்குள் குனிந்து சொல்வேன். பால்காரர் ஒரு நாள், "விருந்தாளி வந்துருக்காகளா டீச்சர், கூட ஒரு கால் லிட்டர் ஊத்தவா?" என்று கேட்டார். ஊற்றுங்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் தூங்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது மாங்காய்க்காக இல்லை. அவர்கள் தூங்குகிறவரைக்கும் வெள்ளை மரத்தில் இருக்கும்.

முட்டை

தை முதல் வாரம் தாழ்ந்த கிளைகளில் பூ வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை எடுத்து வந்த வண்டுகளில் முதல் ஒன்று நூல்தான். அடுத்ததும் நூல். நிம்மதியாக இருந்தது. பிறகு ஒருத்தியைத் திறந்தேன். கொழுப்பு வற்றிப் போயிருந்தது. நூலின் அடியில், இழை பருத்து, மங்கலாக மஞ்சள் தெரிந்தது. லென்ஸைத் திருகினேன். திரண்டுகொண்டிருந்த முட்டைகள்.

யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. போனை எடுத்து பேர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கல்லூரித் தோழிகள், சேவியர், பாதிரியார். வண்டுக்கு முட்டை திரண்டுவிட்டது என்று போன் போட்டுச் சொன்னால் யார்தான் பயப்படமாட்டார்கள்? கடைசியில் பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன்.

"பேச்சி, நாளைக்குப் பூசை முடிஞ்சு வாரேன். வெள்ளையைச் சொரண்டணும்."

"அய்யா அடிச்ச வெள்ளையவா?"

"ஆமா."

"சரி, வாங்க. கம்பி பிரஷ்ஷு என்கிட்ட இருக்கு. இன்னும் நாலு ஆளையும் கூட்டியாறேன்" என்றாள்.

மரத்தடி

இப்போது அந்த மரத்தடிக்குத் திரும்பி வந்துவிட்டோம். கொத்துக்கரண்டி என் கையில். பேச்சியம்மாள் பக்கத்தில். மற்றவர்கள் ஓடையோரம் வெற்றிலை போட்டுக்கொண்டு நாங்கள் எப்போது தொடங்குவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி மரத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று முந்தின ராத்திரி முழுக்க யோசித்திருந்தேன். ஓரத்து மரம், வேலிக்குப் பக்கத்தில், யாருக்கும் தெரியாது. ஒரு மரத்து வண்டு போதும், தோப்பு முழுக்க முட்டை வைக்க. இதையும் நான்தான் பாடம் நடத்தினேன்.

வெள்ளையின் மேல் ஓரத்தில் கொத்துக்கரண்டியை வைத்து அழுத்தினேன். நான் பயந்த மாதிரி கெட்டியாக இல்லை. சடசடவென்று கழன்றது. ஒவ்வொரு பூச்சும் தனித்தனியாகத் தெரிந்தது. நடுவில் ஒரு பூச்சில் பிரஷ்ஷின் நார் ஒன்று வளைந்து ஒட்டியிருந்தது. அதை எடுத்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டேன். அதற்கு அடியில் வண்டுகள் இருந்தன. வெளிச்சம் பட்டதும் காலை மடக்கிச் செத்த மாதிரி உதிர்ந்தன. பேச்சியம்மாள் கீழே விரித்திருந்த சாக்கை இழுத்துச் சுருட்டினாள்.

"டீச்சரம்மா, அழாதீங்க" என்றாள்.

"அவரு இடுப்பு உயரம் பேச்சி அது" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் எம்புட்டு உயரம் என்று காட்ட வீட்டில் ஒன்றுமே கிடையாது. போட்டோவில் எல்லாம் உட்கார்ந்திருப்பார். சட்டைகளை அவர் தம்பி கேட்டு வாங்கிப் போய்விட்டார். இந்தக் கோடு ஒன்றுதான், மரத்துக்கு மரம், இங்கே வரைக்கும் நான் நின்றேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் கம்பி பிரஷ்ஷை எடுத்து மரத்தின் அந்தப் பக்கம் போய்த் தேய்க்கத் தொடங்கினாள். நான் இந்தப் பக்கம் தேய்த்தேன். மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். வெயில் சாயுமுன் பாதித் தோப்பு முடிந்தது, மறுநாள் மீதி. வேலியோரத்து மரத்தை நானே சுரண்டினேன். சாக்குகளை ஒன்றாகப் போட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்தினோம். மரங்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் நின்றன. எது எங்கள் தோப்பு, எது அடுத்தவர் தோப்பு என்று ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

காய்ப்பு

வைகாசியில் முதல் பழம் விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நானே வெட்டினேன். சதையைத் தட்டில் வைத்துவிட்டு, கொட்டையை அவருடைய அரிவாளால் பிளந்தேன். எனக்கு அந்த வீச்சு வராது, மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது. உள்ளே பருப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கொட்டையின் ஒரு பாதியைக் கழுவி, காயவைத்து, துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

எல்லாக் காயும் சுத்தம் என்று சொல்லமாட்டேன். அங்கொன்று இங்கொன்று இருந்தது, எல்லாத் தோப்பிலும் இருக்கிற மாதிரி. கமிஷன் கடையில் வெட்டி வெட்டிப் பார்த்தார்கள். "டீச்சர், இது ஹவில்தார் தோப்புக் காய்தானா?" என்று கேட்டார்கள். "ஆமா, அவரு தோப்புத்தான்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

சேவியர் வந்து வெள்ளை போன மரங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இருக்கட்டும் மைனி, தோப்பு அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். மரம் நிற்கும் என்றாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். அன்றைக்குச் சாயந்திரம் அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீடு முழுக்கப் பெருக்கினேன்.

ஐப்பசி இரண்டாம் வாரம் மோட்டார் ரூமில் ஒரு மூட்டையைப் பேச்சியம்மாள் கண்டெடுத்தாள். அவர் வாங்கி மிச்சம் வைத்த சுண்ணாம்பும் காவியும். "என்னம்மா செய்ய, தூரப் போட்டுரவா?" என்றாள். "ஆட்டோவில ஏத்து" என்றேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் கல்லறைத் தோட்டம் முழுக்க ஆட்கள். புல் செதுக்கிக்கொண்டும் வெள்ளை அடித்துக்கொண்டும் இருந்தார்கள். நான் அவருடைய கல்லறையைக் கழுவிவிட்டு, சுற்றிச் சணல் கட்டினேன். கீழே காவி, மேலே சுண்ணாம்பு. பக்கத்துக் கல்லறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தவள், "என்னக்கா, செவப்பெல்லாம் அடிக்கீய?" என்றாள்.

"அவிய பட்டாளத்துல இருந்தாவ. அங்க இப்படித்தான்."

கோடு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. சணலை அவர் எப்படி இழுத்துக் கட்டுவார் என்று நான் ஒரு நாளும் கவனித்துப் பார்க்கவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். பையிலிருந்து துணியைப் பிரித்து, அந்தப் பாதிக் கொட்டையை எடுத்து, ஈரச் சுண்ணாம்பு கையில் ஒட்டாமல் தலைமாட்டில் வைத்தேன்.

"பாருங்க, என் ஆளு ஒருத்தரும் இல்ல" என்றேன்.